பாலியல் கல்வியா, பாலுறவுக் கல்வியா?

ஆங்கிலத்தில் ‘செக்ஸ் எஜுகேஷன்’ எனப்படும் பாடம் பள்ளியில் வேண்டுமா வேண்டாமா என்று விவாதம் கிளம்பும்போதெல்லாம் ‘பாலுறவுக் கல்வி’ என்ற சொல்லும் கூடவே கிளம்பிவிடுகிறது. செய்தியில் வருகிறது, பேட்டியில் வருகிறது, மொழிபெயர்த்த அறிக்கையிலும் வருகிறது. இதைச் சின்ன நடைப்பிழை என்று விட்டுவிட முடியாது. எது பாடம் என்று தெரிவதற்கு முன்பே கேட்பவரைப் பதறவைக்கும் சொல் இது.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செக்ஸ் என்பது இலத்தீனின் செக்ஸுஸ். ஆண், பெண் என்ற பிரிவு. வெட்டுதல் என்ற பொருளுள்ள செகாரே என்ற வினையோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். ஆங்கிலத்திலும் அது நெடுங்காலம் அந்தப் பிரிவையே குறித்தது. உடலுறவு என்ற பொருள் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான். தமிழின் ‘பால்’ என்பதற்கும் பகுதி, பிரிவு என்றே பொருள். ஐம்பால் என்பதிலும் அறத்துப்பால், பொருட்பால் என்பதிலும் இருப்பது இதே பால்தான்.

உடற்சேர்க்கையைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. புணர்ச்சி, கலவி, கூடல் என்று பல உண்டு. குறிஞ்சித் திணையின் உரிப்பொருளே புணர்தல். திருக்குறளில் ‘புணர்ச்சி மகிழ்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்த இடங்களில் ‘பால்’ வேலை செய்யவில்லை. பின்னால் வந்த ‘பாலுறவு’ என்ற சொல்லுக்கும் அந்தப் பொருளைக் கொடுப்பது அதிலுள்ள ‘உறவு’. ஆக, பாலுறவுக் கல்வி என்று எழுதினால் புணர்ச்சியைக் கற்பிக்கும் கல்வி என்று மட்டுமே பொருள்படும். வேறு வழியில் படிக்க அந்தச் சொல்லில் இடமே இல்லை.

ஆனால் பாடம் அதுவா? யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி இதை எட்டுத் தலைப்புகளாகப் பிரிக்கிறது. உறவுகள், விழுமியமும் உரிமையும் பண்பாடும், பாலினப் புரிதல், வன்முறையும் பாதுகாப்பும், நலவாழ்வுக்கான திறன்கள், உடலும் வளர்ச்சியும், பாலுணர்வும் நடத்தையும், பாலியல் நலமும் இனப்பெருக்க நலமும். பாலுறவு முக்கியமாக வருவது கடைசி இரண்டில். முதல் வயதுப் பிரிவு 5 முதல் 8. அந்த வயதுக்கு உரியவை உடலுறுப்புகளின் சரியான பெயர்கள், யாராவது தகாத முறையில் தொட்டால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது போன்றவை. இதற்குப் போய் ‘ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாலுறவுக் கல்வி’ என்று தலைப்புப் போட்டால் எந்தத் தாய் பதறமாட்டாள்? எதிர்ப்பவர்களுக்கும் இந்தச் சொல் கெடுதல்தான். எந்த வயதில் எதைச் சொல்வது, அதை முடிவுசெய்வது பெற்றோரா அரசா என்பவை நியாயமான கேள்விகள். இப்படி ஒரு சொல்லோடு தொடங்கிய விவாதத்தில் அவை காதில் விழுவதே இல்லை.

சரி, ‘பாலியல் கல்வி’ மட்டும் பொருந்துமா? ‘இயல் என்றாலே படிப்பு, அப்புறம் எதற்குக் கல்வி, கூறியது கூறல்’ என்று சிலர் மறுக்கிறார்கள். இயற்பியல், வேதியியலை மட்டும் பார்த்துச் சொல்வது அது. இயல் என்றால் இயல்பு, தன்மை என்றும் பொருள் உண்டே. வாழ்வியல் கல்வி என்கிறோம், யாரும் குறை சொல்வதில்லை. பால்சார்ந்த இயல்பு பற்றிய கல்வி பாலியல் கல்வி. எட்டுத் தலைப்பும் அதற்குள் அடங்கும். ‘பாலினக் கல்வி’ என்றால் அந்த எட்டில் ஒன்று மட்டும். ‘இனப்பெருக்கக் கல்வி’ என்றால் உயிரியல் பாடத்தில் ஒரு அத்தியாயம். ‘வளரிளம் பருவக் கல்வி’ கூச்சத்துக்குப் போட்ட திரை. வளரிளம் பருவத்துக்கு முன்பே தொடங்கும் பாடத்துக்கு அது பொய்யான பெயரும்கூட.

பாலியல் என்ற சொல்மீது ஒரு கறை படிந்திருப்பதை மறுக்கமாட்டேன். படியவைத்தவர்கள் செய்தி எழுதுபவர்கள். பாலியல் வன்கொடுமைப் புகார் என்று எழுத வேண்டியதை இடத்தை மிச்சப்படுத்தப் ‘பாலியல் புகார்’ என்று வெட்டிவிடுகிறார்கள். குற்றத்தைச் சொல்லும் பாதி போய், குற்றமில்லாத பாதி பழியைச் சுமக்கிறது. அதற்காக நல்ல சொல்லைக் கைவிடக் கூடாது. விடுபட்ட ‘வன்கொடுமை’யைத் திரும்பச் சேர்த்து எழுத வேண்டும்.

இதே விவாதத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். பப்ளிக் ஸ்கூல் என்பதை யோசிக்காமல் ‘பொதுப் பள்ளி’ என்கிறார்கள். அமெரிக்காவில் அது வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. அமெரிக்காவில் அரசு பணம் கொடுத்து நடத்துவதால்தானே ‘என் பிள்ளைக்கு என்ன சொல்லித்தரலாம் என்று அரசு எப்படி முடிவுசெய்யலாம்’ என்ற சண்டையே வருகிறது? அரசுப் பள்ளி என்று எழுதாவிட்டால் அந்தச் சண்டை புரியாது. இன்னொன்று கன்சென்ட், அதாவது தன்னைத் தொடவோ நெருங்கவோ ஒருவர் மனமார உடன்படுவது. அதை ‘ஒப்புதல்’ என்கிறார்கள். ஒப்புதல் வாக்குமூலம், ஒப்புதல் கடிதம் என்று பழகிய காதுக்கு அது கையெழுத்துப் போடும் காரியமாகவே கேட்கும். இசைவு என்று எழுதலாம். ஒருவர் மனமுவந்து இசைவது அதில் இருக்கிறது. வேண்டாம் என்று தோன்றினால் ‘இசையவில்லை’ என்று எந்த நேரத்திலும் சொல்லவும் வருகிறது.