நவம்பர் கடற்கரையில் நண்பகல் வெளிச்சம்

இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் நகருக்கு அருகே குடும்ப மருத்துவராகப் பணிபுரிகிறேன். அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்ததும், என்னிடம் வரும் தமிழர்களின், குறிப்பாகப் பிள்ளைகளோடு வந்து குடியேறிய முதியவர்களின் குறைகள் ஒரே சாயலில் அமையத் தொடங்கிவிடுகின்றன. உடம்பு அசதியாக இருக்கிறது; பகலில் கண் சொக்குகிறது, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது; எதிலும் மனம் ஒட்டவில்லை. தைராய்டு, இரத்தச்சோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துப் புதிதாக ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, "கடைசியாக எப்போது கடலைப் பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கடல் இருக்கும். ஆனாலும் பெரும்பாலோர் ஆகஸ்ட் மாதத்தைத்தான் சொல்வார்கள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்ப் பருவத்தில் நம் கிழக்குக் கரையோரங்களில் கடலை விட்டு ஒதுங்கியிருப்பதே அறிவுடைமை. வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம் அது. அந்தப் பழக்கம் பெட்டி படுக்கைகளோடு இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கோ, இலையுதிர் காலத்தின் கடைப்பகுதியில் கடலோரத்துக்குப் போகாமல் இருப்பதால்தான் பலருக்கு உடல் கெடுகிறது என்பது என் அனுபவம்.

நவம்பர் இறுதியில் இங்கு ஏழரை மணிக்குப் பிறகே விடிகிறது. மாலை நான்கு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்தக் குறுகிய பகலையும் திரைச்சீலைக்குப் பின்னால், வெப்பமூட்டியின் அருகில், மின்விளக்கின் கீழ்க் கழிப்பவர்களுக்குப் பகல் என்று ஒன்று வந்து போனதே உடம்புக்குத் தெரிவதில்லை. ஒளியின் செறிவை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டாது. மேகம் மூடிய நண்பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் ஒளி இருக்கும். நம் கண் எந்த ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. ஆனால் பார்வைக்கென்று இல்லாமல், மூளையிலுள்ள உடற்கடிகாரத்துக்குப் பொழுதைத் தெரிவிப்பதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஒளி கிடைக்காவிட்டால், பகலில் உறக்கமும் நள்ளிரவில் விழிப்புமாகப் பொழுது தலைகீழாகிவிடுகிறது. பருவத்தையொட்டி வரும் மனச்சோர்வை நார்மன் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984ஆம் ஆண்டில் விவரித்த பிறகுதான் மருத்துவ உலகம் இதைக் கருத்தாகக் கவனிக்கத் தொடங்கியது.

ஒளியைத் தேடிப் போவதென்றால் எங்கள் கடற்கரையைவிட நல்ல இடம் வேறில்லை. தெற்கு நோக்கிய கரை இது; மாடிக் கட்டடங்களோ மரங்களோ எதிரே இல்லை; நவம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை என்பதால், அதன் கதிரும் நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்ந்து நேரே முகத்தில் விழுகின்றன. கன்னியாகுமரியில் காண்பதைப் போல, இந்த மாதங்களில் இங்கும் சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே விழுகிறது. கோடையில் இதைக் காண முடியாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இந்த நடை வைட்டமின் டி சத்தைத் தராது. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இந்நாட்டு வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் போதிய அளவு இல்லை. ஆகவே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையை எல்லோரும் எடுத்துக்கொள்வது பற்றி எண்ண வேண்டும் என்பது அரசின் அறிவுரை. கறுத்த தோல் உடைய நம்மைப் போன்றோருக்கு ஆண்டு முழுவதற்கும் அது பொருந்தும். ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் 60,000 அலகு கொண்ட பொட்டலங்களை மருத்துவரைக் கேட்காமல் வாரந்தோறும் விழுங்கிக்கொண்டேயிருப்பது வேறு கதை; இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் பழுதுபட அது வழிவகுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் வந்தார்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரொன்றில் பிறந்து வளர்ந்தவர். நண்பகலில் அரை மணி நேரம் கடலோரம் நடந்து வாருங்கள் என்றதற்கு, "இதென்ன கடல், தம்பி? ஒரு நிறமும் இல்லையே" என்றார். மருந்தாக எழுதிக் கொடுத்த நடை நான்கு நாளுக்கு மேல் நீடிப்பதில்லை என்பதை அறிந்திருந்ததால், நான் வற்புறுத்தவில்லை. போய்ப் பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர் தன் உறக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்தக் கரையில் மணல் இல்லை, கூழாங்கற்கள்தான். அலை பின்வாங்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஒலியை, "அரிசி அரிக்கிற சத்தம் போலக் கிடக்கு" என்றார். இருபது ஆண்டுகளாக இங்கு வாழும் எனக்கு அது தோன்றியதில்லை.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நானும் கவனிக்கத் தொடங்கினேன். கோடைக் கூட்டம் போய்விட்டது. மே முதல் செப்டம்பர் வரை கரையின் பெரும்பகுதியில் தடுக்கப்பட்டிருந்த நாய்கள் திரும்ப வந்து அலையோடு மல்லுக்கட்டுகின்றன. கண்ணாடித் தடுப்புள்ள இருக்கையில் காற்றுக்கு ஒதுங்கி அமர்ந்து, பிளாஸ்கிலிருந்து ஊற்றிய இஞ்சித் தேநீரைக் குடிக்கும்போது, நிறமே இல்லை என்று தோன்றிய கடலில் ஈயமும் முத்தும் பழைய வெள்ளியும் மாறி மாறித் தெரிகின்றன. 1750ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரே மருந்தென்று நூல் எழுதி, அதைக் குடிக்கவும் சொல்லி, அன்று சிற்றூராக இருந்த பிரைட்டனுக்கு நோயாளிகளை இழுத்து வந்தார். குடிக்கச் சொன்னதைத் தவிர அவரிடம் எனக்குப் பெரிய பகையில்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. புயற்காற்றின்போது அலை கூழாங்கற்களை நடைபாதை வரை வாரி எறியும். அன்று கரைக்கே போக வேண்டாம். நவம்பர் கடல் 12, 13 டிகிரி அளவில் இருக்கும். 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சுத் திணறி வாய்வழியே நீர் உள்ளே போய்விடும். தேர்ந்த நீச்சல்காரரும் இதற்கு விலக்கல்லர். ஆண்டு முழுவதும் நீந்துகிற உள்ளூர்க்காரர்கள் கோடையிலிருந்தே உடம்பைப் பழக்கியவர்கள் என்பதை நம் இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. தவறி விழுந்துவிட்டால், நீந்த முயலாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து மூச்சு சீராகும்வரை மிதப்பதே முதல் வேலை. கரையில் இருப்பவர் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும். ஆஸ்துமாவும் நெஞ்சுவலியும் உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, தங்கள் மருந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காற்றை எதிர்த்து முதலில் நடந்து, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வழியை வகுத்துக்கொள்வது நல்லது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் வீடு திரும்பியதும் காலணியை உதறிப் பார்க்க வேண்டும். உள்ளே புகுந்த ஒரு சிறு கல் மாலைக்குள் புண்ணாகி, வாரக்கணக்கில் கட்டுப்போட வைத்ததை நான் கண்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தாலோ, உயிர் வாழ்வதே சுமையாகத் தோன்றினாலோ, நடையை நம்பியிருக்காமல் மருத்துவரிடம் வந்துவிட வேண்டும்.

அந்த அம்மையார் இப்போது நாளுக்கு இருமுறை போகிறார். நண்பகல் நடை நான் சொன்னது. மூன்றரை மணி நடை அவராகக் கண்டது. நெய்தலுக்கு, பொழுது சாயும் வேளையான எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தார்கள் நம் முன்னோர். இந்நாட்டில் அது பிற்பகல் தேநீர் வேளையிலேயே வந்துவிடுகிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குளிருக்கு அஞ்சி வரும் ஸ்டார்லிங் பறவைகள், நம் மைனாவின் உறவுகள், அந்த நேரத்தில் பெருங்கூட்டமாகக் கடலின் மேல் சுழன்று, விரிந்து, சுருங்கி, இருட்டுவதற்குள் 1899ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பேலஸ் பியர் என்னும் கடற்பாலத்தின் அடியில் அடைகின்றன. மழை நாளில் அவை வருவதில்லையா என்று சென்ற முறை அவரிடம் கேட்டேன். "வரும் தம்பி. சுத்தி விளையாடாமல் நேரே உள்ளுக்குப் போயிடும்" என்றார்.