தகப்பனார் கட்டத்தைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கடிதம். "கப்பல் பட்டியல் முழுவதும் தேடிவிட்டோம், கோவிந்தன் என்ற எங்கள் குடும்பப் பெயர் எங்குமே இல்லை, பதிவேடு தொலைந்துவிட்டதா?" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் கேட்கிறது. கப்பல் பட்டியல் என்பது அங்கே கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் பதிவேடு. தொலையவில்லை. அந்தப் பக்கத்தின் நகல் என் மேசையில்தான் இருக்கிறது. முனியன், வயது 22, வடஆற்காடு, நெற்றியில் தழும்பு. கோவிந்தன் இருப்பது தகப்பனார் பெயருக்கான கட்டத்தில்.

பலமுறை சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதி) போய் இறங்கியவர்களுக்கும், 1911 வரை அவர்களைத் தொடர்ந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களுக்கும், இன்று நீங்கள் நினைக்கிற குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், ஊர், அவ்வளவுதான். குடும்பப் பெயர் அக்கரையில் ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டில் அப்பா பெயர் நிலைத்தது, இன்னொரு வீட்டில் தாத்தா பெயர், வேறொரு வீட்டில் சாதிப் பட்டம். அண்ணன் வழிப் பிள்ளைகள் ஒரு பெயரிலும் தம்பி வழிப் பிள்ளைகள் வேறு பெயரிலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சண்டை எழுத்தைப் பற்றியது. "எங்கள் நாயுடுவில் கடைசியில் இரண்டு ஓ வரும், இவருக்கு யூ இருக்கிறது, இவர் எங்களவர் இல்லை" என்கிறார்கள். ஐயா, அதை எழுதியவர் உங்கள் கொள்ளுத்தாத்தா இல்லை, ஓர் எழுத்தர். காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி ஒரு தாளில் மூன்சாமி, மறு தாளில் முனிசமி. கவுண்டர் கவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் இப்படித்தான். எழுத்து வேறானால் ஆள் வேறு என்பது எவ்வளவு தவறோ, எழுத்து ஒன்றானால் உறவு என்பதும் அவ்வளவு தவறு.

பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் பல நேரம் அந்த எண் இருக்கும். எண்ணும் தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்தினால் எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வயது இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

படியெடுக்கும்போது பெயரைத் திருத்தாதீர்கள். தாளில் உள்ளபடியே எழுதுங்கள், உங்கள் ஊகத்தைத் தனியாகக் குறியுங்கள். வடஆற்காடு என்று பார்த்தவுடன் வேலூருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். போளூரும் வந்தவாசியும் அதில் அடக்கம், 1911 வரை சித்தூரும் அடக்கம். தாலுகாவையும் கிராமத்தையும் படித்த பிறகு கிளம்புங்கள்.

பழைய தாள்களை லேமினேட் செய்து அனுப்புகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். அந்தச் சூட்டில் மை கெட்டுவிடலாம், பிறகு தாளைப் பிரிக்கவும் முடியாது. வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படமெடுங்கள். எண்ணைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.