மாஸ்டருக்குத் தெரிய வேண்டாமுங்க

ஈரோட்டில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் பலர் வலியைச் சொல்வதற்கு முன்பே, "மாஸ்டருக்குத் தெரிய வேண்டாமுங்க" என்று கேட்டுக்கொள்கிறார்கள். தெரிந்தால் மாவட்ட செலக்‌ஷனில் பெயர் விடுபட்டுவிடுமாம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இன்ஜினியரிங் கவுன்சலிங்கிலும் தனி இடங்கள் உண்டு. அதற்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் வழியாக ஆடிய சர்டிபிகேட் வேண்டும். மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியக் கூட்டமைப்பு என்று ஏணி ஒன்றுதான். ஓட்டப்பந்தயத்தில் ஸ்டாப்வாட்ச் காட்டுவதை யாரும் மாற்ற முடியாது. ஜிம்னாஸ்டிக்ஸில் மதிப்பெண் போடுவது நடுவரின் கண். சொல்லித்தருபவர், தேர்வு செய்பவர், மதிப்பெண் போடுபவர் எல்லாரும் ஒரே சிறு வட்டத்துக்குள் இருந்தால், எந்தப் பெற்றோர் வாய் திறப்பார்?

காசும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஸ்பிரிங் தரையும் பஞ்சுக் குழியும் உள்ள இடங்கள் நம் பக்கம் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மில் முதலாளி வீட்டுப் பிள்ளைக்குத் தனி வகுப்பு கிடைக்கும், கோவித்துக்கொண்டால் வேறு ஊருக்கும் போய்ப் பழகலாம். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவரின் மகளுக்கு அந்த வழியெல்லாம் இல்லை. அவள்தான் அதிகமாகப் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

ஒரு சிறுமி மணிக்கட்டில் கட்டிய கிரேப் பேண்டேஜைப் பயிற்சிக்கூட வாசலிலேயே அவிழ்த்துப் பையில் வைத்துக்கொள்வாளாம். "ஏன் அம்மிணி?" என்றேன். "கட்டியிருந்தா வார்ம்-அப்போட உட்கார வெச்சிருவாங்க சார்" என்றாள். கையை ஊன்றிப் பின்னால் மடக்கியதும் முகம் சுளித்தது. மணிக்கட்டில், முன்கையின் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான், வளரும் வயதில் அது மிருதுவானது. கையால் நின்று, குதித்து, உடல் எடை முழுவதையும் திரும்பத் திரும்ப அதன்மேல் இறக்கினால் அழன்று போகும். சில வாரம் ஊன்றாமல் விட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். மறைத்துக்கொண்டே ஆடினால் அந்த எலும்பு வளர்வது நின்று, பக்கத்து எலும்பு மட்டும் நீளும், மணிக்கட்டே கோணலாகும். முதுகும் அப்படித்தான். பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் குத்தினால், முதுகெலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலி இரண்டு வாரத்தைத் தாண்டினால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து ஓட்ட வேண்டாம். எடை ஏறிவிடும் என்று சோற்றைக் குறைக்கும் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் "ஆட்டக்காரிக்கு இது சகஜம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எலும்பு பலவீனமாகிக்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் நம்மூர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் தேசிய அணிப் பயிற்சி டெக்சாஸில் ஒரு பண்ணையில் நடந்தது. பெற்றோருக்கு அங்கே இடமில்லை. அணி மருத்துவர் லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைச் சீரழித்தார். 2015இல் அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துக்குப் புகார் போனது. சங்கம் சத்தமில்லாமல் அவரை ஒதுக்கியது. ஆனால் 2016இல் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்தும் வரை, தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நானும் தொட்டு வைத்தியம் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: பிள்ளையைத் தனியாக விடச் சொல்லும் எந்த பிசியோவிடமும், எந்த டாக்டரிடமும், எந்த மாஸ்டரிடமும் விடாதீர்கள். என் கிளினிக்கில் அம்மாவோ அப்பாவோ உள்ளே இல்லாமல் டேபிளில் யாரையும் படுக்க வைப்பதில்லை.

பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் கொடுமைகளை விசாரித்து 2022இல் வெளிவந்த வைட் அறிக்கை, எடை பார்த்து அவமானப்படுத்தியது, அடிபட்ட பிள்ளையை ஆட வைத்தது என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறது. உச்சியில் ஆடியவர்களே சிறுமிகள்தான்: ருமேனியாவின் நதியா கோமனேச்சி 1976 ஒலிம்பிக்கில் பத்துக்குப் பத்து வாங்கியபோது வயது 14. சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 16 என்று ஆனது 1997இல்தான்.

நம் தேசியக் கூட்டமைப்போ கோஷ்டிப் பூசலால் பல ஆண்டுகள் அமைச்சகத்தின் அங்கீகாரமே இல்லாமல் கிடந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த நம் நாட்டு வீராங்கனை தீபா கர்மாகர், தகுதிப் போட்டியில் முதலிடம் வந்தும் 2023 ஆசிய விளையாட்டுக்கு அனுப்பப்படவில்லை. அரசின் தேர்வு விதி குறுக்கே நின்றது. அடுத்த மே மாதமே ஆசிய சாம்பியன்ஷிப்பில், ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் வால்ட் பிரிவில் தங்கம் வாங்கினார். அவருக்கே இந்தக் கதி என்றால் கோபிசெட்டிபாளையத்துப் பிள்ளைக்கு யார் காரணம் சொல்வார்கள்?

சேர்க்கும்போதே மாஸ்டரிடம் கேளுங்கள்: பெற்றோர் உட்கார்ந்து பயிற்சியைப் பார்க்கலாமா? அடிபட்டு ஓய்வெடுத்தால் இடம் இருக்குமா? செலக்‌ஷன் மதிப்பெண்ணை எழுத்தில் காட்டுவீர்களா? நல்ல மாஸ்டர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். நானே அவர்களுக்குப் போன் போட்டு ஓய்வு நாட்களைப் பேசி முடிவு செய்கிறேன், பெற்றோர் சம்மதித்தால்.

தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் விஷயம் வேறு. சங்கத்தில் விசாரிக்கிறோம், பொறுங்கள் என்பார்கள். பொறுக்க வேண்டியதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இன்படி, தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மாஸ்டருக்கும் சங்கச் செயலாளருக்கும் எனக்கும் அது பொருந்தும். போலீசுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள்.