பழைய காரின் ரேடியோவில் அந்த 'டிக் டிக்'

இன்ஜின் ஓடும்போது ரேடியோவில் 'டிக் டிக்' என்று கேட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அது படபடப்பாக மாறினால் காரணம் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் இக்னிஷன்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 பொறிகள். 'டிக் டிக்' இல்லாமல் 'கீ...' என்று நீண்ட சத்தம் கேட்டால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைப் பாருங்கள்.

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி தாவும் கணத்தில், பிளக் ஒயரில் தேங்கியிருந்த மின்னூட்டம் மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. அந்தத் திடீர்ப் பாய்ச்சலில் செப்பு ஒயரே ஆன்டெனாவாகி, எல்லா அலைவரிசையிலும் இரைச்சலைப் பரப்புகிறது. (ஆதி காலத்து வானொலிக் கருவிகள் செய்தி அனுப்பியதும் பொறியை வைத்துத்தான்!)

பாய்ச்சலைத் தணிக்க ஒவ்வொரு பிளக்குக்கும் 5000 ஓம் மின்தடை போதும். ரெசிஸ்டர் பிளக் போடலாம். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப்பும் போடலாம். பொறிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பொறி பலவீனமாகுமோ என்ற பயம் வேண்டாம். பொறி தாவும்வரை மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஆகவே மின்தடையில் இழப்பும் இல்லை. தாவியபின் ஓடுவது 50 மில்லியாம்பியர் என்றால் இழப்பு 250 வோல்ட்தான்.

செப்புக்குப் பதில் கார்பன் இழை உள்ள பிளக் ஒயரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் உள்ளே கார்பன் இழை அறுந்து, அங்கேயும் பொறி பறக்கும். இரைச்சல் முன்னைவிட மோசமாகும். கழற்றும்போது கேப்பைப் பிடியுங்கள். ஒயரைத் திருகாணி குத்திப் பிடிக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே பிரித்தனுப்புவது) மூடிகளுக்குக் கார்பன் ஒயர் ஒத்துவராது. அவற்றுக்குச் செப்பு ஒயரும் ரெசிஸ்டர் கேப்பும்தான் சரி.

அடுத்து, 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை, பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலில் மாட்ட வேண்டும். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். சாவியிலிருந்து வரும் ஒயர் சேரும் முனையில்தான் அதை இணைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் மாட்டினால், காயிலின் மின்னோட்டத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாயின்ட்டுக்கு ஏற்கெனவே உள்ள சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் கணக்கே கெட்டு, பொறி சோர்ந்துவிடும். பாசிட்டிவ் எர்த் கார்களில் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்தவை) பிளஸ், மைனஸ் குறியை நம்பாமல் ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். டைனமோவிலும் ஒன்று மாட்டலாம். ஆனால் தடித்த ஒயர் உள்ள முனையில்தான், ஃபீல்டு முனையில் கூடவே கூடாது.

இன்னும் கேட்கிறதா? ரேடியோவின் ஆன்டெனா ஒயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நிற்காவிட்டால் அது பவர் ஒயர் வழியாக வருகிறது. அதில் ஒரு சோக் கம்பிச்சுருள் சேர்க்க வேண்டும். நின்றுவிட்டால் ஆன்டெனாவின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டோடு எர்த் சேர்கிறதா என்று பாருங்கள். பானெட்டுக்கும் பாடிக்கும் இடையே பின்னல் பட்டை ஒன்றும் போடுங்கள். பெயின்ட்டும் கிரீஸும் பூசிய கீல் எர்த் ஆகாது.