வௌவால் தலைகீழாக இருந்தால் நல்ல சேதி

பழம்பொருள்களை மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. சீன மூக்குப்பொடிக் குப்பி எது வந்தாலும் கூடவே ஒரு கதை வரும். "அபின் குப்பி சார்", "அரண்மனைச் சொத்து", "அடியில் சியென்லோங் பேரரசர் முத்திரை இருக்கு பாருங்க". விற்பவர் சொல்லும் கதையை ஒதுக்கிவிட்டு, குப்பியின் மேல் இருக்கும் கதையை முதலில் படியுங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குப்பிகள் சிங் வம்சக் காலத்தவை (1644–1912). ஐரோப்பியர் கொண்டுவந்த பொடி அரண்மனையைப் பிடித்துக்கொண்டது. காங்ஷி பேரரசர் 1696இல் அரண்மனைக்குள் கண்ணாடிப் பட்டறை வைத்தார். அதை அமைத்துக் கொடுத்தவர் கிலியான் ஸ்டம்ப் என்ற ஜெர்மானியப் பாதிரியார். அப்புறம் பீங்கான், ஜேட், அகேட் கற்கள், அம்பர் எனும் இறுகிய மரப்பிசின் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

படங்களில் பாதி சிலேடை. வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் சீனத்தில் ஒரே ஒலி, 'ஃபூ'. ஐந்து வௌவால் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் பற்று, நல்ல சாவு என்ற ஐந்து பேறுகள். தலைகீழாக வரைந்திருந்தால் பாக்கியம் வந்தே விட்டது; 'தலைகீழ்', 'வந்தது' இரண்டுக்கும் அங்கே ஒரே ஒலி. குதிரை மேல் குரங்கு உட்கார்ந்திருந்தால் 'சீக்கிரமே பிரபு ஆவாய்' என்ற வாழ்த்து. பதவிக்குக் காத்திருப்பவருக்குக் கொடுக்கத் தோதான பரிசு.

எனக்குப் பிடித்தவர் லீ தியேகுவாய், சீனத் தாவோ மரபுக் கதைகளின் எட்டு அமரர்களில் ஒருவர். உடலைச் சீடனிடம் ஒப்படைத்துவிட்டு உயிர் மட்டும் உலாப் போனது. சொன்ன தவணைக்கு முன்பே சீடன் உடலை எரித்துவிட்டான். திரும்பிவந்த உயிர், அப்போதுதான் செத்திருந்த ஒரு நொண்டிப் பிச்சைக்காரனின் உடலுக்குள் கூடு பாய்ந்தது. அதனால்தான் பரட்டைத் தலை, ஊன்றுகோல், சுரைக்குடுவை. இந்த அடையாளங்களோடு அவர் பளபளவென்று ராஜகுமாரன் மாதிரி நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னொரு கதை நாயகரான லியூ ஹாய் காசுச் சரத்தை ஆட்டி வசப்படுத்தும் தேரைக்கு மூன்றே கால்கள். நான்கு கால் இருந்தால் வரைந்தவருக்குக் கதை தெரியவில்லை.

சரி, படம் பிசகில்லாமல் இருந்தால் குப்பி பழசா? அப்படியும் இல்லை. இந்தக் கதைகளை அறிந்த கைகள் சீனாவில் இன்றும் வரைகின்றன. அடிமுத்திரையையும் நம்பாதீர்கள்; முந்தைய பேரரசர்களின் முத்திரையைப் பின்னால் வந்தவர்கள் போடுவது அங்கே பழைய வழக்கம். கல் குப்பி என்றால் உட்புறம் எவ்வளவு நேர்த்தியாகக் குடையப்பட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு துளை மட்டும் போட்டு, சுவரைத் தடிமனாக விட்டிருந்தால் அது பொடி வைக்கச் செய்ததா, கடைக்குச் செய்ததா என்று யோசிக்க வேண்டும்.

உள்ளே ஓவியம் தீட்டிய கண்ணாடிக் குப்பிகள் தனி ரகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீக்கிங்கில் சோ லேயுவான், மா ஷாவ்ஷுவான் போன்றவர்கள் இதில் பேர் வாங்கினார்கள். உட்சுவரைச் சொரசொரப்பாக்கி, வளைந்த மெல்லிய கோலைக் கழுத்து வழியாக விட்டு, மையும் நீர்வண்ணமும் கொண்டு தீட்டியவை. தூசி தெரிகிறதே என்று தயவுசெய்து தண்ணீர் ஊற்றிக் குலுக்காதீர்கள். படம் கரைந்து வந்துவிடும், அதற்கு வைத்தியமே கிடையாது.

கடைசியாக மூடியைத் திறந்து பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் குட்டிக் கரண்டி பல குப்பிகளில் யானைத் தந்தம். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடை. சீனாவே 2017 முடிவோடு நிறுத்திவிட்டது. வெளிநாட்டு ஏலத்தில் எடுப்பதாக இருந்தால், கரண்டி எதனால் ஆனது என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எலும்புதான்" என்று விற்றவர் வாயால் சொன்னது சுங்கத்தில் எடுபடாது.