மலை வீங்குவதை விண்ணிலிருந்து அளப்பது எப்படி?

மீண்டும் வெடிக்கக்கூடியவை என்று கருதப்படும் எரிமலைகள் உலகில் ஏறத்தாழ 1,350 உள்ளன. அவற்றின் சரிவுகளில் நிலநடுக்கமானி, சாய்வுமானி, வாயு அளவிடும் கருவி ஆகியவற்றைப் பொருத்தி இரவும் பகலும் கவனிப்பதற்குப் பெரும் பணமும் பயிற்சி பெற்றவர்களும் தேவை என்பதால், பாதிக்கும் மேற்பட்ட எரிமலைகளில் போதிய கருவிகள் இன்றும் இல்லை. பல மலைகள் சாலையே இல்லாத தீவுகளிலும் பாலைவனங்களிலும் போர் நடக்கும் பகுதிகளிலும் இருக்கின்றன. ஆனால் செயற்கைக்கோள் எல்லா மலைகளுக்கும் மேலாகக் கடந்துசெல்கிறது. கீழே உள்ள நாடு செல்வமுள்ளதா, வறியதா என்பது அதன் பாதையை மாற்றுவதில்லை.

எரிமலை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வெடிப்பதில்லை. பூமியின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலேறும்போது சுற்றியுள்ள பாறையைத் தள்ளி இடம்பிடிக்கிறது; அதனால் மலை சில சென்டிமீட்டர் வீங்குகிறது. அழுத்தம் குறையும்போது குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் பிரிந்து வெளியேறுகின்றன. மேற்பரப்பை நெருங்கியதும் வெப்பம் வெளிப்படுகிறது. இந்த மூன்றையும் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளக்க முடியும். இவற்றுள் மிகவும் வியப்பளிப்பது மலையின் வீக்கத்தை அளக்கும் முறைதான்.

ரேடார் செயற்கைக்கோள் நுண்ணலைத் துடிப்புகளைத் தரையை நோக்கி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. மேகம், இருள், புகை எதுவும் இதற்குத் தடையில்லை. எதிரொலியின் வலிமையோடு, அது திரும்பி வந்தபோது அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் பதிவாகிறது. சில நாட்களுக்குப் பிறகு அதே பாதையில் செயற்கைக்கோள் மீண்டும் வரும்போது தரை சற்று உயர்ந்திருந்தால் அலை பயணம் செய்யும் தொலைவு குறையும். அந்தக் கட்டமும் மாறும். இரண்டு பதிவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் கிடைக்கும் படத்தில், நிலவரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் போல வண்ண வளையங்கள் தோன்றும். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் சுமார் 5.6 சென்டிமீட்டர் அலைநீளத்தைப் பயன்படுத்துகிறது. அலை போய்த் திரும்புவதால் ஒவ்வொரு வளையமும் அதில் பாதியளவு, அதாவது 2.8 சென்டிமீட்டர் அசைவைக் குறிக்கும். வளையங்களின் எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு வீங்கியது என்பதையும், அவற்றின் வடிவத்திலிருந்து குழம்பு எத்தனை ஆழத்தில் எந்த வடிவில் தேங்கியிருக்கிறது என்பதையும் கணக்கிடலாம். ஓர் எரிமலைக்கு இம்முறையைப் பயன்படுத்திய முதல் ஆய்வு 1995-இல் வெளிவந்தது. இத்தாலியின் எட்னா மலை வெடித்துக் குழம்பை வெளியேற்றியபோது முழு மலையும் தாழ்ந்ததை அது காட்டியது.

வீக்கம் தென்பட்டாலே வெடிப்பு வரும் என்று கொள்ளலாமா? கூடாது. பொலிவியாவின் உட்டுருங்கு மலையின் நடுப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் உயர்ந்துவந்ததை ரேடார் பதிவுகள் காட்டின. ஆனால் அம்மலை கடைசியாக வெடித்து 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 18 ஆண்டுக்காலப் பதிவுகளைக் கொண்டு 198 எரிமலைகளை ஆராய்ந்தது. அசைவு காணப்பட்ட 54 மலைகளில் 25 வெடித்தன. அசைவு காணப்படாத 144 மலைகளில் 9 மட்டுமே வெடித்தன. முதல் எண்ணிக்கையே பலருடைய கவனத்தையும் ஈர்க்கும். என் பார்வையில் இரண்டாவதன் பயன் குறைந்ததன்று. கருவிகளே இல்லாத நூற்றுக்கணக்கான மலைகளில் எவற்றைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம் என்று தெரிந்தால்தான், கையிலுள்ள சில கருவிகளை எந்த மலைக்கு முதலில் கொண்டுசெல்வது என்று முடிவெடுக்க முடியும்.

வெப்பத்தை அறிவது இதைவிட எளிது. ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்கும் லாவா, 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியைச் சாதாரணத் தரையைவிடப் பல மடங்கு அதிகமாக வெளியிடுவதால், ஒரு கிலோமீட்டர் அகலப் படப்புள்ளியின் மிகச் சிறு பகுதியில் மட்டும் லாவா இருந்தாலும் அந்தப் புள்ளி தனித்துத் தெரியும்.

வாயுக்களில் கந்தக டைஆக்சைடே முதன்மையாகக் கவனிக்கப்படுகிறது. நீராவியும் கார்பன் டைஆக்சைடும் எரிமலையிலிருந்து கூடுதலாக வெளிவந்தாலும், அவை காற்றில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பிரித்தறிவது கடினம். கந்தக டைஆக்சைடு புற ஊதா ஒளியின் குறிப்பிட்ட அலைநீளங்களை உட்கவர்கிறது. ஓசோனை அளப்பதற்காக நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் வைக்கப்பட்ட கருவி, 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது இவ்வாயுவையும் கண்டுகாட்டியது. எதிர்பாராமல் கிடைத்த அந்தப் பயனிலிருந்து ஒரு துறையே வளர்ந்தது. வாயு திடீரெனக் குறைவதும் சில வேளைகளில் எச்சரிக்கையே. வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் கூடுவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

வெடித்த பின்னும் செயற்கைக்கோளின் வேலை முடிவதில்லை. 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழிறங்கிய பிறகு அவை மீண்டும் இயங்கியதால் அனைவரும் உயிர்தப்பினர். சாம்பல் மேகத்தை நீர்மேகத்திலிருந்து பிரித்தறிவதற்கு இன்று பயன்படும் வழி நுட்பமானது. 11 மைக்ரான், 12 மைக்ரான் ஆகிய இரு அகச்சிவப்பு அலைநீளங்களில் வெப்பநிலையை அளந்தால், சிலிக்கா மிகுந்த சாம்பல் முதலாவதை அதிகம் உட்கவரும். நீர்த்துளியும் பனித்துகளும் இரண்டாவதை அதிகம் உட்கவரும். எனவே இரண்டின் வித்தியாசம் நேர்மறையா, எதிர்மறையா என்பதே மேகத்தின் தன்மையைக் காட்டிவிடுகிறது. டார்வின், டோக்கியோ, லண்டன் உள்ளிட்ட ஒன்பது சாம்பல் ஆலோசனை மையங்கள் இத்தகைய படங்களைக் கொண்டு விமானங்களை எச்சரிக்கின்றன.

இந்தத் தகவல் உயிர்களைக் காத்ததற்குச் சிறந்த சான்று இந்தோனேசியாவின் மெராபி. 2010 அக்டோபர் 26 அன்று அது வெடிக்கத் தொடங்கியபோது, பேரிடர்களுக்கான பன்னாட்டு விண்வெளி ஒப்பந்தத்தின் வழியாகப் பல நாடுகளின் ரேடார் செயற்கைக்கோள்கள் அம்மலையின் பக்கம் திருப்பப்பட்டன. உச்சியில் புதிய லாவாக் குவிமாடம் நொடிக்கு 25 கனமீட்டர் அளவுக்கு வளர்வதை, மேகமும் புகையும் மூடியிருந்த நாட்களிலும் அப்படங்கள் காட்டின. நிலநடுக்கப் பதிவுகளும் அதையே உறுதிப்படுத்தியதால் வெளியேற்ற எல்லை 20 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நவம்பர் 5 அன்று நிகழ்ந்த மிகப்பெரிய வெடிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 400 பேர் இறந்தனர். வெளியேற்றத்தால் 10,000 முதல் 20,000 பேர் காப்பாற்றப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. இதற்கு மாறாக, 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்துப் பனி உருகி உண்டான சேற்றுவெள்ளம், அர்மேரோ நகரத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆபத்துப் பகுதி வரைபடமும் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. வெளியேறும் கட்டளை மட்டும் மக்களைச் சேரவில்லை. சுமார் 23,000 பேர் மாண்டனர். நினைக்கும்தோறும் நெஞ்சைப் பிழியும் இழப்பு அது.

அளவீடு இருந்தும் பொருள் புலப்படாமல் போவதும் உண்டு. 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து எழுப்பிய சுனாமியில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தப் பக்கம் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது பழைய ரேடார் படங்களில் பதிவாகியிருந்தது. நிகழ்ந்த பின்பே அது ஆராய்ந்து உணரப்பட்டது. இன்று வந்துசேரும் படங்களின் அளவு மனிதக் கண்ணுக்கு எட்டாதது என்பதால், வீக்கத்தின் வடிவத்தைத் தானாகவே இனங்காணும் கணினி முறைகள் உருவாக்கப்பட்டு வருகின்றன.

அடர்ந்த காடு சூழ்ந்த மலைகளில் குறுகிய அலைநீள ரேடார் திணறுகிறது. இலைகள் அசைவதால் இரண்டு பதிவுகளும் பொருந்துவதில்லை. நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோள் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அலைநீளத்தையும் பயன்படுத்துவதால், இலைகளைக் கடந்து தரையை எட்டும் வாய்ப்பு அதற்கு அதிகம். அது ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் ஆகும். ஆண்டுக்கணக்கில் மெல்ல வீங்கும் மலைக்கு இந்த இடைவெளி தாராளமாகப் போதும். ஆனால் மெராபி முதல் வெடிப்பிலிருந்து மிகப்பெரிய வெடிப்பை எட்டுவதற்குப் பத்து நாட்களே ஆயின. அத்தகைய மலைகளுக்கு, வெவ்வேறு நாடுகளின் செயற்கைக்கோள்களை முறைவைத்து ஒரே இடத்தை நோக்கித் திருப்பும் ஏற்பாடு இன்னும் தேவைப்படுகிறது.