எக்ஸ்ரே இல்லாத டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தது எதற்கு?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாத காலத்தில், மாதக்கணக்கில் இருமி இருமி எலும்பும் தோலுமாய்ப் போன ஒரு நோயாளியைக் கிராமத்து டாக்டர் பார்த்துவிட்டு, ‘என்னால் முடிந்தது இவ்வளவுதான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று கடிதம் எழுதிக் கொடுத்தாரே, எதை வைத்து எழுதினார், எல்லாம் கைராசிதானா என்று. கை சரி. ராசிக்கு இதில் வேலையே இல்லை.

அவரிடம் இருந்தவை இரண்டு நடுவிரல்கள், ஒரு ஸ்டெதஸ்கோப், கொஞ்சம் பொறுமை. ஸ்டெதஸ்கோப்பின் கதை பலருக்கும் தெரியும். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டது, அப்புறம் மரக்குழாய் செய்துகொண்டது, பத்தே வருடத்தில் அவரே காசநோயில் இறந்தது. இந்தப் புகழில் கால் பங்குகூடக் கிடைக்காதவர் அவருக்கு முன்பே வந்த ஆவன்புரூகர் என்ற மருத்துவர். ஆஸ்திரியாவில் சத்திரம் நடத்தியவரின் மகன். சத்திரத்து ஒயின் பீப்பாயைத் தட்டினால், சரக்கு எந்த மட்டம் வரை இருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும், அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் மனித நெஞ்சையும் தட்டிப் பார்க்கத் தோன்றியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1761இல் வியன்னாவில் லத்தீன் மொழியில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கார்விசார் அதை 1808இல் பிரெஞ்சில் விரிவாக எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடமே ஆவன்புரூகர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, எப்படித் தட்டுவது? இடதுகை நடுவிரலை விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அழுத்தி வைக்க வேண்டும், மற்ற விரல்கள் உடம்பில் படக்கூடாது. வலதுகை நடுவிரலை வளைத்து, அதன் நுனியால், வைத்த விரலின் கடைசி மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, உடனே எடுத்துவிட வேண்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு மட்டும், முழங்கை அசையக்கூடாது. காரை எலும்புக்கு மேலே தொடங்கி ஒரு விரல்கடை இறங்கி, அதே மட்டத்தில் மறுபக்கமும் தட்டி, இப்படி மாற்றி மாற்றிக் கீழே வரை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சத்தம் வருகிறதா என்பதுதான் கேள்வி. நல்ல நுரையீரலுக்கு மேலே ‘தொம்’ என்று தாழ்ந்த, கொஞ்சம் நீளும் சத்தம் வரும். உள்ளே நீர் கோர்த்திருந்தால் ‘டப்’ என்று பிறந்த இடத்திலேயே செத்துப்போகும். தேர்ந்தவர்கள் காதால் கேட்பதற்கு முன்பே அந்த வித்தியாசத்தை வைத்த விரலில் உணர்ந்துவிடுவார்கள்.

தட்டும்போது அதிர்வது நெஞ்சுச் சுவர். அதன் பின்னால் காற்று நிறைந்த லேசான நுரையீரல் இருந்தால் சுவர் தாராளமாக ஆடி மெதுவாக அடங்கும். பின்னால் ஒரு லிட்டர் நீர் நின்றால் அந்தப் பாரம் சுவரை ஆடவிடாது.

இதுவரை சுலபம். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தசையில், நீரில் 1500 மீட்டருக்குப் பக்கம். நுரையீரல் என்பது காற்றும் சதையும் கலந்த பஞ்சு, அப்படியென்றால் அதில் ஒலியின் வேகம் 340க்கும் 1500க்கும் நடுவில் எங்காவது இருக்கும் என்றுதானே யாரும் சொல்வோம்? இல்லை! வெறும் 30 முதல் 60 மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சத்திலிருந்து இருநூறு வரை, அவ்வளவுதான். காற்றையும்விட மெதுவாக ஒலி நகரும் ஒரு பொருளை நாம் எல்லோரும் நெஞ்சுக்குள் சுமந்துகொண்டு திரிகிறோம்.

காரணம் பள்ளிக்கூடச் சூத்திரத்திலேயே இருக்கிறது. ஒலியின் வேகத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அந்தப் பொருள் அமுக்கினால் எவ்வளவு முறைத்துக்கொள்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது. முறைப்பு அதிகம் என்றால் வேகம் கூடும், அடர்த்தி அதிகம் என்றால் குறையும். நுரையீரலை அமுக்கினால் அமுங்குவது அதிலுள்ள காற்று, ஆகவே அதன் முறைப்பு காற்றின் முறைப்புதான். ஆனால் எடை சதையுடையது. காற்றைப்போல இருநூறு மடங்கு அடர்த்தி. காற்றிடமிருந்து மென்மையையும் சதையிடமிருந்து பாரத்தையும் வாங்கிக்கொண்டதால், ஒலிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். போதாததற்குக் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் ஒவ்வொன்றும் ஒலியின் ஆற்றலைக் கொஞ்சம் தின்றுவிடும். அதிலும் உயர்ந்த சுருதிகளைத்தான் அதிகம் தின்னும். தாழ்ந்த முணுமுணுப்பு தப்பித்து வெளியே வரும், கூர்மையான ஒலிகள் உள்ளேயே அடங்கிவிடும்.

இதை டாக்டர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் அழகு. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, ‘ஒன்று, இரண்டு, மூன்று என்று ரகசியம் பேசுவதுபோல் சொல்லுங்கள்’ என்பார். ரகசியக் குரலில் குரல்நாண் அதிராது, ஆகவே தாழ்ந்த சுருதி கிடையாது, இருப்பதெல்லாம் உயர்ந்த சலசலப்பு. நல்ல நுரையீரல் அதை மொத்தமாக விழுங்கிவிடும். டாக்டர் காதில் ஒன்றும் விழாது, விழுந்தாலும் புரியாது. அதே நுரையீரல் நோயால் கெட்டிப்பட்டு, காற்றுப் பைகளில் காற்றுக்குப் பதில் சீழும் நீரும் அடைந்திருந்தால், பஞ்சு திடப்பொருளாகிவிடுகிறது. தின்பதற்கு அங்கே காற்றுப் பை இல்லை. மூச்சுக்குழாய் வழியாக இறங்கும் ரகசியம் நேராகக் காதுக்கு வந்துவிடும், காதோரம் வந்து சொன்னமாதிரி, எழுத்துச் சுத்தமாக. ‘ஈ’ என்று இழுக்கச் சொன்னால் ‘ஏ’ என்று கேட்பதும் இதனால்தான். வழக்கமாக உள்ளேயே அடங்கிப்போகும் நடுத்தரச் சுருதிகள் இப்போது வெளியே வந்து உயிரெழுத்தையே மாற்றிவிடுகின்றன.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தட்டினால் ‘டப்’, ரகசியம் தெளிவு என்றால் நுரையீரலே கெட்டிப்பட்டிருக்கிறது. தட்டினால் ‘டப்’, ஆனால் குரலே வரவில்லை என்றால் நுரையீரலுக்கும் சுவருக்கும் நடுவே நீர். எல்லையில் பட்ட ஒலி பெரும்பாலும் திரும்பிப் போய்விடுகிறது. வழக்கத்தைவிட அதிகமாக முழங்குகிறது, குரலும் மூச்சுச் சத்தமும் இல்லை என்றால் அங்கே காற்று தப்பி வந்து நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது. காரை எலும்பை ஒட்டி, நுரையீரலின் உச்சியில் ‘டப்’ கேட்டு, அந்த இடத்திலேயே ரகசியமும் தெளிவாகக் கேட்டால், ஆறு மாத இருமலும் கூடவே இருந்தால், காசநோய். பெரியவர்களிடம் அது பெரும்பாலும் உச்சியில்தான் குடியேறும். இதையெல்லாம் இரண்டு வரியில் எழுதி, சிலர் நுரையீரல் படம் போட்டுக் கெட்டிப்பட்ட இடத்தை நிழலிட்டுக் காட்டி அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்த பெரிய டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அது கொடுமையான எல்லை. தட்டும் அதிர்வு உள்ளே சில சென்டிமீட்டர்தான் தடவிப் பார்க்கும். ஆழத்தில் நெல்லிக்காய் அளவு புண் இருந்தால் தெரியாது. சில நூறு மில்லிலிட்டர் நீர்கூடத் தப்பிவிடும். காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த சானடோரியங்களோ ஆரம்ப நிலையிலேயே அனுப்பச் சொல்லிக் கேட்டன. விரலுக்கு எட்டும்போது நோய் ஆரம்பத்தைத் தாண்டியிருக்கும். கிராமத்து டாக்டர் தாமதமாக அனுப்பினார் என்று பின்னால் வந்தவர்கள் எழுதியபோது, பாதிக் குற்றம் இயற்பியல்மேல் என்பதை மறந்துவிட்டார்கள். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும், சளியில் அது ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் நுண்ணோக்கியில் அகப்பட்டது.

அந்த டாக்டரே நோயாளியானால்? ரஷ்ய எழுத்தாளர் செகாவ், மெலிகோவோ கிராமத்தில் விவசாயிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1884 முதலே அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது, ஆனாலும் தன் நெஞ்சைத் தட்டிப் பார்க்க யாரையும் விடவில்லை. 1897 மார்ச்சில் மாஸ்கோ உணவகம் ஒன்றில் வாயிலிருந்து ரத்தம் கொட்டியதும்தான் மருத்துவமனையில் சேர்ந்தார். பார்க்கப் போன தங்கை மேசைமேல் நுரையீரல் படம் ஒன்றைக் கண்டார். அதன் உச்சிப் பகுதி சிவப்புப் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. ஏழு வருடம் கழித்து ஜெர்மனியில் ஓர் ஆரோக்கிய நகரத்தில் இறந்தார்.

அனுப்பிய இடத்தில்தான் என்ன கிடைத்தது? ஓய்வு, சாப்பாடு, திறந்த ஜன்னல். கிருமியைக் கொல்லும் மருந்து 1940கள் வரை இல்லை. மருந்து வந்த பிறகும் சானடோரியப் படுக்கை அவசியம் என்றே எல்லோரும் நம்பினார்கள், அதிகம் சோதித்துப் பார்க்காமலேயே. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில்தான் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959இல் முடிவு வெளியானது, உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக அதுவும் ஒரு காரணம். இப்படி ‘பழைய பழக்கம் உண்மையில் தேவையா’ என்று கேட்கும் ஆய்வுக்கு இன்றைக்குப் பணம் கேட்டுப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். புது எந்திரம், புது மருந்து என்றால் கொட்டிக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் அதில் பத்தில் ஒரு பங்கை இந்த மாதிரி கேள்விகளுக்கு ஒதுக்கலாம்.

தட்டுவது இன்னும் ஒழிந்துவிடவில்லை, நெஞ்சில் நீர் இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட இன்றும் அது நல்ல வழி. உறுதிப்படுத்த அல்ட்ராசவுண்ட் வந்துவிட்டது. அதிலும் அதே இயற்பியல், தலைகீழாக. காற்று நிறைந்த நல்ல நுரையீரலில் அந்த ஒலி நுழையவே முடியாமல் பட்டுத் திரும்பும், திரையில் வெறும் சாம்பல் மூட்டம். நீர் கோர்த்திருந்தால் ஒலி தடையில்லாமல் உள்ளே போகும், அந்த நீர் மட்டும் கருகருவென்று தனியாகத் தெரியும்.